ஹானர்ஸுக்குப் பிறகு எந்த வழி? நடத்தைப் பகுப்பாய்வில் ஊன்றி நிற்கும் ஒரு தங்கைக்கு

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கத்தைத் தருகிறேன். வயது 25. டர்பனில் உளவியலில் ஹானர்ஸ், அதாவது இளங்கலைக்குப் பிந்தைய ஓர் ஆண்டுப் படிப்பு, முடித்தவர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான தனியார் மையம் ஒன்றில் ஃபெசிலிட்டேட்டராக வேலை பார்க்கிறார். ஒரு நடத்தைக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று பார்த்து அதை மாற்ற முயலும் முறை பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு, அதாவது ஏ.பி.ஏ. அங்கே பழகிய அது அவருக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. அவருடைய தம்பிக்கும் ஆட்டிசம். 16 வயதாகிறது, பேச்சு குறைவு. மருத்துவ உளவியல் மாஸ்டர்ஸுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தார். ஒரு முறை நேர்காணல் வரை போயும் இடம் கிடைக்கவில்லை.

இப்போது ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழி ஏ.பி.ஏ. முதுகலைக்காக, வீட்டு பாண்டின் (வீட்டுக் கடனின்) மேல் இன்னும் கடன் வாங்க அப்பா தயார். மாமா சென்னைக்குப் போய்ப் படி என்கிறார். மையத்தின் முதலாளியோ, "ஹானர்ஸே போதும், 'பிஹேவியர் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்டு, குடும்பங்களை நான் அனுப்புகிறேன்" என்கிறார். இதற்கிடையில், சிறுவயதில் ஏ.பி.ஏ. பயிற்சியில் இருந்த ஓர் இளைஞர், "அது என்னை உடைத்தது" என்று இவரிடமே சொல்லியிருக்கிறார். எந்த வழியில் போவது, தம்பியைப் பற்றி நேர்காணலில் பேசலாமா, தான் நேசிக்கும் இந்தத் துறை சரியானதுதானா என்று கேட்கிறார்.

அன்புத் தங்கைக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த போர்டு வேண்டாம்.

நம் நாட்டில் சைக்காலஜிஸ்ட் என்ற பெயர் சட்டத்தின் காவலில் இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் 56ஆம் எண் சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி, சுகாதாரத் தொழில்களைப் பதிவு செய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ. மன்றத்தில் பதிவு பெறாத ஒருவர் உளவியலாளர் என்று சொல்லித் தொழில் நடத்துவது குற்றம். முன்னால் 'பிஹேவியர்' என்று ஒட்டிக்கொண்டாலும் அதுதான் நிலை. உங்கள் முதலாளி நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் புகார் என்று ஒன்று வந்தால் அது உங்கள் பெயரில்தான் வரும். நாளைக்கு மாணவப் பதிவு கேட்டு நீங்கள் போய் நிற்கப்போவதும் அதே மன்றத்தின் வாசலில்தான். வரும் குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள். பதிவும் பிராக்டிஸ் எண்ணும் இல்லாத ஒருவரின் பில்லுக்கு மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) பணம் தராது. ஏற்கெனவே செலவில் மூழ்கியிருக்கும் பெற்றோர் முழுத் தொகையையும் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில், ஃபெசிலிட்டேட்டர் என்ற பெயரிலேயே தொடருங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை.

பட்டம் வேறு, பதிவு வேறு

உங்கள் கடிதம் முழுக்க ஓர் எண்ணம் ஓடுகிறது: போதுமான அளவு படித்துவிட்டால் பதிவு தானாக வந்துவிடும் என்று. அப்படி நடப்பதில்லை. மருத்துவ உளவியலாளர் ஆவதற்கு இங்கே உள்ள பாதை ஒன்றுதான். மூன்று ஆண்டு இளங்கலை, ஓர் ஆண்டு ஹானர்ஸ், அதன் பிறகு மன்றம் அங்கீகரித்த தொழில்முறை மாஸ்டர்ஸ். அந்த மாஸ்டர்ஸில் முதல் ஆண்டு வகுப்பும் மேற்பார்வையோடு ஆட்களைப் பார்ப்பதும். அடுத்து 12 மாத இன்டர்ன்ஷிப். ஆய்வேடு இவற்றோடு சேர்ந்தே ஓடும். பிறகு மன்றத்தின் தேர்வு, ஓர் ஆண்டு கட்டாயச் சமூகப் பணி. ஆய்வேட்டை மட்டும் எழுதி வாங்கும் மாஸ்டர்ஸோ, அதற்கு மேல் வாங்கும் பிஎச்.டி.யோ இந்தக் கதவைத் திறக்காது. இது தெரியாமல் வருடங்களைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று கேட்டிருந்தீர்கள்: "நடத்தைப் பகுப்பாய்வைச் சிறப்புப் பாடமாக வைத்து மருத்துவ உளவியல் எங்கே சொல்லித் தருகிறார்கள்?" மன்றத்தின் உளவியலாளர் பட்டியலில் மருத்துவம், ஆலோசனை, கல்வி, தொழில்துறை, ஆராய்ச்சி, நரம்பு உளவியல் என்று பிரிவுகள் இருக்கின்றன. நடத்தைப் பகுப்பாய்வாளர் என்று ஒரு பிரிவு கிடையாது. ஆகவே இங்கே மருத்துவ உளவியல் பயிற்சி அகலமானதாகத்தான் இருக்கும். அதற்குள் நடத்தைப் பகுப்பாய்வைக் கொண்டுவர வேண்டியவர் நீங்கள்தான். அதற்கு நல்ல இடம் ஆய்வேடு.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களைப் போன்றவருக்கு இது பெரிய வாய்ப்பு. மாஸ்டர்ஸ் மாணவர்கள் நூற்றுக்கணக்கான பேரிடம் கேள்விப்பட்டியல் கொடுக்கத் திட்டம் போட்டு, ஆள் கிடைக்காமல் திண்டாடுவது வழக்கம். நடத்தைப் பகுப்பாய்வில் தனிநபர் ஆய்வு வடிவம் என்று ஒரு முறை இருக்கிறது. மூன்று நான்கு பேர் போதும். ஒவ்வொருவரின் நடத்தையையும் தலையீட்டுக்கு (நீங்கள் தரும் பயிற்சிக்கோ சிகிச்சைக்கோ) முன்பு பல நாள் அளந்து ஓர் அடிநிலை எடுக்கிறீர்கள். பிறகு ஒருவருக்கு முதல் வாரத்தில், அடுத்தவருக்குச் சில வாரம் தள்ளி, மூன்றாமவருக்கு இன்னும் தள்ளித் தலையீட்டைத் தொடங்குகிறீர்கள். தொடங்கிய இடத்தில் மட்டும் மாற்றம் தெரிந்து, தொடங்காதவரிடம் தெரியாவிட்டால், மாற்றத்துக்குக் காரணம் தலையீடுதான் என்று துணிந்து சொல்லலாம். இந்த வடிவத்தைக் கையாளத் தெரிந்த மேற்பார்வையாளர் யார் என்று, விண்ணப்பிப்பதற்கு முன்பே தேடிப் பாருங்கள். பேராசிரியர்களின் சமீபத்திய கட்டுரைகளைப் படித்துவிட்டு எழுதினால் பதில் வரும்.

அப்பாவின் கடனும் இணையவழி முதுகலையும்

இந்தத் துறையின் பெரிய சான்றிதழ் அமைப்பு, 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய பி.ஏ.சி.பி. அது தரும் பி.சி.பி.ஏ. என்ற சான்றிதழை மனத்தில் வைத்துத்தான் இணையவழிப் படிப்பை யோசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2023 ஜனவரி 1 முதல் அந்த அமைப்பு புதிய விண்ணப்பங்களை மிகச் சில நாடுகளில் வசிப்பவர்களிடமிருந்து மட்டுமே ஏற்கிறது. தென்னாப்பிரிக்கா அந்தச் சில நாடுகளில் இல்லை. டர்பனில் உட்கார்ந்தபடி அந்த முதுகலையை முடித்தாலும், டர்பன் முகவரியோடு பி.சி.பி.ஏ. தேர்வுக்குப் போக முடியாது. கல்லூரிகளின் விளம்பரத்தில் இது பெரிய எழுத்தில் இருக்காது.

சர்வதேச அளவில் ஐ.பி.ஏ.ஓ., க்யூ.ஏ.பி.ஏ. என்ற அமைப்புகளும் சான்றிதழ் தருகின்றன, அவற்றுக்கு இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். அவை உங்கள் திறமைக்குச் சாட்சி சொல்லும். வேலை தேடும்போது உதவும். எச்.பி.சி.எஸ்.ஏ. பதிவாக மட்டும் மாறாது. ஆகவே என் கருத்து: சிறிய செலவில் அந்த வகைப் பயிற்சி ஒன்றை வேலையோடு சேர்த்துச் செய்யுங்கள். அப்பாவின் வீட்டை அடமானம் வைத்து ஓர் அமெரிக்க முதுகலை வாங்காதீர்கள். அப்பா தயார் என்பதாலேயே அதை ஏற்க வேண்டும் என்றில்லை. தம்பியின் பிற்காலத்துக்கும் அந்த வீடுதான் பாதுகாப்பு.

சென்னையைப் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவிலும் எம்.எஸ்சி. உளவியல் மட்டும் ஒருவரை மருத்துவ உளவியலாளர் ஆக்குவதில்லை. இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவுக்கு அந்த மன்றம் அங்கீகரித்த தனிப் பயிற்சி வேண்டும். அதை முடித்துத் திரும்பினாலும் இங்கே வெளிநாட்டுத் தகுதியாக மறுபடி மதிப்பிடுவார்கள். மாமாவின் அன்புக்கு நன்றி சொல்லி, இதை அவரிடம் விளக்குங்கள்.

வெளிநாடுதான் என்றால் நீங்கள் பட்டியலில் சேர்க்காத ஒன்றைப் பாருங்கள்: அமெரிக்காவில் மருத்துவ உளவியலில் நேரடி பிஎச்.டி. வெஸ்டர்ன் மிச்சிகன், வெஸ்ட் வர்ஜீனியா, நெவாடாவின் ரீனோ ஆகிய பல்கலைக்கழகங்களின் உளவியல் துறைகளில் நடத்தைப் பகுப்பாய்வின் வேர் ஆழமானது. மருத்துவ உளவியலும் அங்கே அந்த மரபின் அருகிலேயே வளர்ந்தது. படிப்பு ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் போகும். ஆனால் பெரும்பாலும் உதவியாளர் பணி கொடுத்துக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவின் ஒரு பகுதியையும் பார்த்துக்கொள்வார்கள். மாணவரை ஒரு குறிப்பிட்ட பேராசிரியருக்காகத் தேர்ந்தெடுப்பது அங்கே வழக்கம், அதனால் ஆய்வு அனுபவம் இல்லாமல் போய்ப் பயனில்லை. இங்கே முயன்றுகொண்டே அதற்கும் தயாராகலாம். தம்பியை விட்டு அத்தனை வருடம் விலகி இருக்க முடியுமா என்பது நீங்கள் மட்டுமே சொல்லக்கூடிய பதில்.

மருத்துவ உளவியல்தான் வேண்டுமா?

இதை உங்களிடம் கேட்டே ஆக வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான் வருவார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நீதிமன்றம் கண்காணிப்புக்கு அனுப்பும் ஆட்கள் இருக்கும் ஃபோர்ட் நேப்பியர் போன்ற மருத்துவமனை, தற்கொலைக்கு முயன்று வார்டில் படுத்திருப்பவர், குடியிலிருந்து மீள முயல்பவர், ஸ்கிட்ஸோஃப்ரீனியாவோடு வாழ்பவர் – இதுதான் அந்த வருடம். பிள்ளைகளும் பள்ளியும் மட்டுமே உங்கள் மனம் என்றால், கல்வி உளவியல் பிரிவு பொருத்தமாக இருக்கலாம். அதற்குக் கட்டாயச் சமூகப் பணி ஆண்டும் இல்லை. அந்தப் பிரிவை இரண்டாந்தரம் என்று நினைப்பவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அது தவறு.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. தம்பிக்கு ஆட்டிசம் என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா தைப்பூசத்துக்குக்கூடக் கோவிலுக்கு வருவதில்லை, யார் வீட்டுக்கும் போவதில்லை, அம்மாவைப் போன்றவர்களோடும் வேலை செய்ய ஆசை என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆசை மருத்துவ உளவியலுக்கு உரியது. நடத்தைப் பகுப்பாய்வு ஆட்டிசத்தோடு முடிந்துவிடும் என்று நீங்கள் எண்ண வேண்டாம். மனச்சோர்வில் ஒருவர் ஒவ்வொன்றாகக் கைவிட, வாழ்க்கையில் இதம் தரும் அனுபவங்கள் குறைகின்றன. அவை குறையக் குறைய இன்னும் ஒதுங்குகிறார். இந்தச் சுழலை நடத்தையின் பக்கத்திலிருந்து உடைக்கும் சிகிச்சைதான் பிஹேவியரல் ஆக்டிவேஷன். 1996இல் நீல் ஜேக்கப்சனும் அவருடைய குழுவும் வெளியிட்ட ஆய்வில், எண்ணங்களையும் மாற்ற முயலும் முழுமையான அறிவாற்றல் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது, அதன் இந்த ஒரு பகுதி மட்டுமே அதற்கு இணையாகப் பலன் தந்தது. ஏ.சி.டி. (ஏற்பு, உறுதிச் சிகிச்சை), டி.பி.டி. (இயங்கியல் நடத்தைச் சிகிச்சை) என்று இன்று புழங்கும் சிகிச்சைகளும் நடத்தையியலின் மண்ணில் முளைத்தவை.

இந்த மரபு நமக்கு அந்நியமும் இல்லை. படிப்படியாக அச்சத்தைக் குறைக்கும் முறையை உருவாக்கிய ஜோசஃப் வோல்பி 1915இல் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவர், அங்குள்ள விட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் மனம் குலைந்த சிப்பாய்களுக்கு மருந்து பலிக்காததைப் பார்த்து, வேறு வழி தேடியவர். நடத்தைச் சிகிச்சையின் மற்ற முன்னோடிகளான ஆர்னால்ட் லாசரஸ், ஸ்டான்லி ராக்மன் இருவரும் அதே நகரத்துக்காரர்கள். மூவரும் பிறகு வெளிநாடு போய்விட்டார்கள், ஆனால் வேலை இங்கே தொடங்கியது. உங்கள் விருப்பத்தை ஏதோ இறக்குமதிச் சரக்கு போலக் கருதி நேர்காணலில் தயங்க வேண்டாம்.

தேர்வுக் குழுவின் முன்னால்

இரண்டு முறை இடம் கிடைக்காதது உங்கள் மதிப்பெண்ணைப் பற்றிய தீர்ப்பு இல்லை. ஒரு பல்கலைக்கழகத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும். எடுப்பது பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு பேர். நேர்காணல் வரை போனவர் என்றால் அந்தக் குவியலில் நீங்கள் ஏற்கெனவே மேலே வந்துவிட்டீர்கள். க்வாஸூலு-நட்டால் பல்கலைக்கழகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் ரோட்ஸ், ஃப்ரீ ஸ்டேட், வெஸ்டர்ன் கேப், விட்ஸ் என்று பரவலாக விண்ணப்பியுங்கள். இறுதி நாள் இடத்துக்கு இடம் மாறும். பெரும்பாலும் ஆண்டின் நடுவுக்குள் முடிந்துவிடும்.

தம்பியைப் பற்றிப் பேசுங்கள். மறைத்தால் உங்கள் கட்டுரை உயிரில்லாமல் இருக்கும், குழுவுக்கு அது தெரிந்துவிடும். எப்படிப் பேசுகிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். "தம்பிக்காகத்தான் இந்தத் துறை" என்று மட்டும் நின்றுவிட்டால், வரப்போகும் ஒவ்வொரு பிள்ளையிலும் தம்பியைப் பார்ப்பீர்களோ என்ற கவலை அவர்களுக்கு எழும். வீட்டில் எந்த நேரத்தில் உங்களுக்குக் கோபம் வந்தது, அம்மாவின் கவனம் முழுவதும் அவன் பக்கம் போனபோது சிறுமியாக என்ன உணர்ந்தீர்கள், அதை இன்று எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள் – இவற்றைப் பேசத் தெரிந்தவரை நம்பி ஒரு நோயாளியை ஒப்படைக்கலாம். முடிந்தால் இந்த ஆண்டே நீங்கள் ஓர் உளவியலாளரிடம் சிறிது காலம் போய்வாருங்கள்.

அடுத்தது ஜூலு மொழி. பட்டப்படிப்பில் கட்டாயப் பாடமாகப் படித்திருப்பீர்கள், பேச வருமா? க்வாஸூலு-நட்டால் மாகாணத்தின் அரசு மருத்துவமனைகளுக்கு வரும் பெரும்பாலோரின் தாய்மொழி அது. மொழிபெயர்ப்புக்கு நர்ஸைத் தேடும் உளவியலாளருக்கும், ஒரு தாயின் வருத்தத்தை அவள் மொழியிலேயே கேட்கத் தெரிந்தவருக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. ஓர் ஆண்டு முயன்றால் உரையாடும் அளவுக்கு வரும். இதுவரை உங்கள் அனுபவம் எல்லாம் கட்டணம் கட்டக்கூடிய குடும்பங்களோடு இருந்திருக்கிறது. வாரத்தில் ஓர் அரை நாள் அரசு மருத்துவமனையிலோ, தொண்டு அமைப்பிலோ, நெருக்கடி உதவி எண்ணிலோ சேருங்கள்.

அந்த இளைஞர் சொன்னது

அவர் சொன்னதைக் கேட்டு நீங்கள் தூங்காமல் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கலக்கத்தைச் சீக்கிரம் ஆற்றிவிட நான் விரும்பவில்லை.

இந்தத் துறையின் புகழ்பெற்ற ஆய்வு ஐவார் லோவாஸ் 1987இல் வெளியிட்டது. வாரத்துக்குச் சுமார் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் மற்ற பிள்ளைகளைப் போல வழக்கமான வகுப்பில் தேறினார்கள் என்றார். பெற்றோர்களுக்கு அது பெரிய நம்பிக்கை தந்தது. ஆனால் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கவில்லை. பயிற்சியில் உரத்த அதட்டலும் தொடையில் அடியும்கூட இருந்தன. அதைவிட அடிப்படையான கேள்வி, மற்றவர்களைப் போலத் தெரிவதுதான் இலக்கா என்பது. கையை ஆட்டக் கூடாது, கண்ணைப் பார்த்தே பேச வேண்டும் என்று மணிக்கணக்கில் பழக்கப்பட்டவர்கள் இன்று பெரியவர்களாகி, அது தங்களுக்கு என்ன செய்தது என்று சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஆதாரம் இல்லை என்று தள்ளுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

அதே நேரத்தில், நடத்தைப் பகுப்பாய்வின் சிறந்த கருவி உங்கள் கையில் இருக்கிறது: செயல்பாட்டு ஆய்வு. ஒரு பிள்ளை தலையைச் சுவரில் மோதுகிறான் என்றால், அதை நிறுத்துவது எப்படி என்பதற்கு முன்பு, அது அவனுக்கு எதைப் பெற்றுத்தருகிறது என்று கேட்க வேண்டும். மோதுவதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது? கடினமான வேலை அதனால் நிற்கிறதா, அம்மா ஓடிவருகிறாரா, விரும்பிய பொருள் கிடைக்கிறதா, அந்த உணர்வே வேண்டியிருக்கிறதா? காது வலியோ பல் வலியோ இல்லையென்று டாக்டர் பார்த்தாரா? வேலையிலிருந்து தப்பத்தான் மோதுகிறான் என்று தெரிந்தால், "போதும்" என்பதற்கு ஓர் அட்டையையோ சைகையையோ கற்றுக்கொடுத்து, அவன் அதைக் காட்டும்போது உண்மையாகவே வேலையை நிறுத்த வேண்டும். இப்படிச் செய்யும்போது அந்தப் பிள்ளையின் பேச்சுக்கு மதிப்பு கிடைக்கிறது. கையாட்டுவது யாருக்கும் தீங்கு செய்யாதென்றால் அதைத் தொடவே வேண்டாம்.

உங்கள் மையத்தில் ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது பிள்ளைக்காகவா, பார்ப்பவர்களுக்காகவா? பதில் சொல்ல மறுக்கும் இடமாக இருந்தால் வேறு இடம் தேடுங்கள். அந்த இளைஞர் சம்மதித்தால் அவரோடு இன்னும் பேசுங்கள். இதைத் தேர்வுக் குழுவிடமும் சொல்லலாம். தன் துறையின் குறையைத் தெரிந்துகொண்டும் அதில் நிற்பவரை அவர்கள் மதிப்பார்கள்.

பணமும் இந்த ஆண்டும்

அரசின் மாணவர் நிதி உதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். மாஸ்டர்ஸுக்குக் கிடையாது. முதல் ஆண்டில் சம்பளமும் இருக்காது, அந்த ஓர் ஆண்டுக்குத்தான் சேமிப்பு வேண்டும். அரசு மருத்துவமனை இன்டர்ன்ஷிப்புக்குப் பெரும்பாலும் சம்பளம் உண்டு. இடத்தை ஏற்கும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சமூகப் பணி ஆண்டு முழுச் சம்பளப் பணி. அப்பா உதவ விரும்பினால் இந்த ஓர் ஆண்டுக்கு உதவட்டும்.

காத்திருக்கும் காலத்தில் ரெஜிஸ்டர்டு கவுன்சிலர் பதிவையும் யோசியுங்கள். உங்கள் ஹானர்ஸ் அதற்கு ஏற்றதாக அங்கீகரிக்கப்பட்டதா என்று பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள். ஏற்றதென்றால் மேற்பார்வையோடு 720 மணி நேரக் களப்பயிற்சியும் மன்றத்தின் தேர்வும் முடித்து, குறுகிய கால ஆலோசனையும் பெற்றோர் பயிற்சியும் உங்கள் சொந்தப் பெயரில், சட்டப்படி செய்யலாம். மனநோய்களைக் கண்டறிவதும் நீண்ட சிகிச்சையும் அந்தப் பதிவின் எல்லைக்குள் வராது. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பெற்றோர் பயிற்சி தேவைப்படும் வீடுகள் நிறைய இருக்கின்றன.

அம்மாவுக்கு நீங்கள் சிகிச்சையாளர் ஆக வேண்டாம், மகளாகவே இருங்கள். அவரை ஒரு முறை குடும்ப டாக்டரிடம் அழைத்துப்போய், எத்தனை காலமாக இப்படி இருக்கிறார் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். விண்ணப்ப வேலைகளைத் தொடங்கும் முன்பே அதைச் செய்துவிடுங்கள்.